உயிரோடு இருப்பவர்களைச் சுவரில் மாட்டுங்கள்

ஏற்காடு மலையில் இருக்கும் எங்கள் மாரமங்கலத்தில் ஒரு வீட்டில் இழவு விழுந்தால், பந்தல்காரருக்கும் பூக்காரருக்கும் ஆள் போகிற அதே நேரத்தில் என் வீட்டு வாசலிலும் ஒரு பையன் வந்து நிற்பான். கையில் இறந்தவரின் ஆதார் அட்டை இருக்கும். “அத்தை, இதை வெச்சுப் பெருசா ஒரு போட்டோ பண்ண முடியுமா? எடுக்கறதுக்குள்ள வேணும்” என்பான். சேலத்தில் ஒரு கலர் லேபில், பிலிம் ரோல் கழுவிய காலத்திலிருந்து மெமரி கார்டு காலம் வரை வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவள் நான். அதனால்தான் என்னைத் தேடி வருகிறார்கள்.

ஆதாரில் முகம் இருப்பது ஸ்டாம்பு அளவில். அதையும் வெப் கேமராவில், ட்யூப்லைட் வெளிச்சம் நெற்றியில் அடிக்க, மிரண்டு விழித்த நேரத்தில் எடுத்திருப்பார்கள். அட்டையில் அச்சான அந்தப் படத்தை ஸ்கேன் செய்து 12×15 அங்குல அளவுக்கு இழுத்தால் முகம் வராது, அச்சுப் புள்ளிதான் வரும். ஸ்டூடியோவில் கம்ப்யூட்டர் முன்னால் இருக்கும் தம்பி அந்தப் புள்ளிகளைத் தேய்த்து மழுங்கடிப்பார். அதோடு கன்னத்துச் சுருக்கமும் போய்விடும். கண்ணுக்கு வெள்ளை ஏற்றுவார். தலையை ஒட்டுவதற்கென்றே கம்ப்யூட்டரில் தயாராக வைத்திருக்கும் உடம்புகளில் ஒன்றை எடுப்பார். ஆணுக்குக் கோட்டு அல்லது மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. பெண்ணுக்கு அரக்குக் கலர் பட்டுப்புடவை. பின்னால் நீல வானம். இரண்டு மணி நேரம் கொடுத்தால் அவரால் செய்யக்கூடியது அவ்வளவுதான், அவரைக் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் அதன் விளைவு என்ன? வாழ்நாள் முழுக்க இடுப்பில் சாக்கைக் கட்டிக்கொண்டு காப்பிப் பழம் பறித்த ஒரு பெண், யாரோ ஒருத்தியின் பட்டுப்புடவையில், யாரோ ஒருத்தியின் சங்கிலியோடு சுவரில் ஏறுகிறாள். பொட்டு வைத்து, மாலை போட்டு, சீரியல் பல்பும் சுற்றியாகிவிடும். அவளைக் கண்ணால் பார்த்திராத பேரப்பிள்ளைகளுக்கு இனி அதுதான் பாட்டி.

அதே வீட்டில் நாலைந்து செல்போன் இருக்கிறது. அந்தம்மா திண்ணையில் உட்கார்ந்து சிரித்த படம், பேத்தியின் காதுகுத்தில் எடுத்த படம், ஆட்டுக்குட்டியைத் தூக்கி நின்ற படம் எல்லாம் அவற்றில் எங்கோ கிடக்கின்றன. ஒரு போன் திருப்பூரில் வேலைக்குப் போன மகனிடம் இருக்கும். இன்னொன்று டிஸ்ப்ளே உடைந்து பீரோவுக்குள் இருக்கும். சாவு வீட்டில், அழுத கண்ணோடு ஆயிரக்கணக்கான படங்களைத் தள்ளித் தள்ளித் தேடுகிற தெம்பு யாருக்கும் இருப்பதில்லை.

அதனால்தான் ஊரில் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்கிறேன், இங்கேயும் எழுதுகிறேன். உங்கள் போனில் இருக்கும் படங்களில், உங்கள் வீட்டில் இப்போது உயிரோடு நடமாடுகிறவர்களின் நல்ல படம் ஒன்றையாவது பிரிண்ட் போடுங்கள். கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டுங்கள். அவர்கள் பார்க்கும்படி மாட்டுங்கள்.

இதைச் சொன்னதும் வருகிற முதல் பதில் எனக்குத் தெரியும். “உசுரோட இருக்கறவங்க படத்தைச் சுவத்துல மாட்டினா ஆயுசு கொறையும்.” எங்கள் மலையில் மட்டுமில்லை, கீழே சேலத்திலும் படித்த குடும்பங்களில் இதைக் கேட்டிருக்கிறேன். சுவரில் சாமி இருக்கலாம், செத்தவர் இருக்கலாம், தலைவர்கள் இருக்கலாம். நடுவில் நடமாடுகிற மனிதர்களுக்கு மட்டும் இடம் இல்லை.

இது தொன்றுதொட்டு வந்த வழக்கம் என்று நினைக்க வேண்டாம். புதுச்சேரியில் உள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள், பிரிட்டிஷ் நூலகத்தின் அழிவில் இருக்கும் ஆவணங்களைக் காக்கும் திட்டத்தின் உதவியோடு, 1880 முதல் 1980 வரையான தமிழ் ஸ்டூடியோ படங்களைத் தேடித் தேடி டிஜிட்டலாக்கியிருக்கிறார்கள். பல ஸ்டூடியோக்களில் கண்ணாடி நெகட்டிவ்கள் அதற்குள் அழிந்துபோயிருந்தன. மிஞ்சிய படங்களில் இருப்பவர்கள் யார்? கல்யாணமான கையோடு வந்து நின்ற ஜோடிகள், பூ ஜடை தைத்த பெண்கள், பூச்சாடிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்த அப்பா, அவர் தோள்மீது கை வைத்து நிற்கும் அம்மா. இவர்கள் எல்லோரும் உயிரோடு, அவரவருக்கு இருந்ததில் நல்ல துணியை உடுத்திக்கொண்டு போய், காசு கொடுத்து எடுத்துக்கொண்டவர்கள். அவர்களும் மாட்டினார்கள். பழைய வீடுகளில் கூடத்துச் சுவரில், நிலைப்படிக்கு மேலே, இரண்டு ஆணியில் கயிறு கட்டிச் சற்று முன்சாய்வாக வரிசையாகப் படங்கள் தொங்குவதைப் பார்த்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்த வரிசையில் இருந்தவர்கள் ஒவ்வொருவராகப் போன பிறகுதான் படத்துக்கு மாலை விழுந்தது. மாலை போடத் தோதாக ஒரு படம் சுவரில் முன்பே இருந்தது, கவனியுங்கள்.

எங்கள் மலைக்கு இந்த ஸ்டூடியோக் காலமே சரியாக வாய்க்கவில்லை. ஏற்காட்டுக்கு நடந்து, அங்கிருந்து பஸ் பிடித்து, கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கிச் சேலத்துக்குப் போனால்தான் படம். உதகையில் 1960-இல் தொடங்கிய இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் நிறுவனத்தின் ‘இந்து’ பேப்பர் தமிழ்நாட்டு ஸ்டூடியோக்களில் புழங்கிய காலத்திலும், எங்கள் வீடுகளுக்குள் வந்து சேர்ந்தது பாஸ்போர்ட் சைஸ் மட்டும்தான். அதுவும் ஏதாவது விண்ணப்பத்தில் ஒட்டப் போய்விடும்.

படம் எடுக்கப்படாத மக்கள் இல்லை நாங்கள். மற்றவர்களுக்காக எங்கள் ஊர்களும் நாங்களும் நிறையவே எடுக்கப்பட்டிருக்கிறோம். லின்னேயஸ் டிரைப் என்ற ராணுவ அதிகாரி சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக இருந்தார். மதுரை, தஞ்சாவூர், புதுக்கோட்டை என்று அவர் எடுத்த படங்கள் 1858-இல் தொகுதி தொகுதியாக வந்தன. அவற்றில் ஒன்று இராயக்கோட்டையும் அன்றைய சேலம் மாவட்டத்தின் வேறு சில இடங்களும் பற்றியது. பெரிய பெரிய பிரிண்டுகள், அட்டையில் ஒட்டி, பைண்டு செய்தவை. நூற்றறுபது ஆண்டுக்கு மேலாகியும் லண்டனில் அந்தப் பிரதிகள் இருக்கின்றன. பிறகு வந்தார் எட்கர் தர்ஸ்டன், சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளர். மாகாணம் முழுவதும் மக்களை நிறுத்தி மூக்கையும் மண்டையையும் அளந்து, படம் எடுத்து, 1909-இல் ஏழு தொகுதிகளாக வெளியிட்டார். அதில் மலையாளிகள் என்ற தலைப்பில், கேரளத்தவர் அல்லாத மலைவாழ் மக்களான எங்கள் சனத்தைப் பற்றியும் எழுதியிருக்கிறார். இப்போது சுற்றுலா வருகிறவர்கள் வண்டியை நிறுத்தி, விறகுக் கட்டோடு நடந்து போகிற பெண்ணை எடுத்துக்கொண்டு போகிறார்கள். எடுத்தவர்கள் எல்லோரிடமும் படம் இருக்கிறது. எடுக்கப்பட்டவர் வீட்டில் வெறும் சுவர்.

செல்போன் வந்ததும் இது மாறியிருக்க வேண்டும். இன்று எங்கள் பிள்ளைகள் கையில் இருக்கும் கேமரா, நான் லேபில் சேர்ந்தபோது சேலத்துப் பெரிய ஸ்டூடியோக்காரர்கள் வைத்திருந்ததைவிட எத்தனையோ வசதியானது. படம் எங்களுடையது, எடுக்கிறவரும் எங்கள் ஆள். ஆனால் “போன்லதான் இருக்குதே” என்ற ஒரு வார்த்தையில் காரியம் நின்றுபோகிறது.

போனில் இருப்பது இருப்பு ஆகாது. கூகுள் போட்டோஸ் அளவில்லாமல் இலவசமாக வைத்துக்கொள்ளும் வசதியை 2021 ஜூன் 1-ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது. அதற்குப் பிறகு ஏற்றுகிற படமெல்லாம், மெயிலுக்கும் சேர்த்துக் கொடுக்கும் 15 ஜிபி இடத்துக்குள் அடங்க வேண்டும். நிறைந்தால் காசு கட்ட வேண்டும், இல்லையென்றால் புதிய படம் ஏறாது. பாஸ்வேர்டு தெரிந்த ஆள் வேறு ஊரில் இருப்பார். ரீசார்ஜ் போடாமல் விட்ட நம்பர் இன்னொருவருக்குப் போய்விடும். அந்தப் படங்களுக்குள் நுழைய வாசல் இல்லாமல் போகும்.

வாட்ஸ்அப்பில் அனுப்பி வைத்திருக்கிறோம் என்பார்கள். சாதாரணமாக அனுப்பினால் படத்தின் நீளப் பக்கம் சுமார் 1600 பிக்சலுக்குச் சுருங்கிவிடுகிறது. இதை எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் பிரிண்ட் போட வருகிறவர்களில் பெரும்பாலோர் கொண்டுவருவது இந்தச் சுருங்கிய படத்தைத்தான். கையில் வைத்துப் பார்க்கும் பிரிண்டுக்கு ஒரு அங்குலத்துக்கு 300 பிக்சல் இருந்தால் நயமாக இருக்கும். சுவரில் மாட்டி நாலடி தள்ளி நின்று பார்ப்பதற்கு 200 போதும். கணக்குப் போடுங்கள்: 1600 பிக்சல் 8 அங்குலத்தோடு தீர்ந்தது. அதே படம் எடுத்த போனிலேயே இருந்தால், 12 மெகாபிக்சல் கேமராவில் அது 4000×3000. அதை 12×16 அளவுக்குத் தாராளமாகப் போடலாம். ஆகவே எடுத்த போனையே கையோடு கொண்டு போங்கள். முடியாவிட்டால் ‘டாக்குமெண்ட்’ ஆக அனுப்பச் சொல்லுங்கள், அப்படி வந்தால் சுருங்காது.

அளவு விஷயத்தில் இன்னொன்று. போன் படம் நாலுக்கு மூன்று. லேபில் வழக்கமாகப் போடும் 4×6 பேப்பர் மூன்றுக்கு இரண்டு. இரண்டும் பொருந்தாது. பேப்பரை நிரப்ப மிஷின் படத்தில் ஒன்பதில் ஒரு பங்கை வெட்டும். படுக்கைவாட்டில் எடுத்த குடும்பப் படமாக இருந்தால் பின்வரிசையில் நிற்கிற தாத்தாவின் தலைப்பாகையோ, முன்வரிசையில் உட்கார்ந்த குழந்தையின் கால்களோ போய்விடும். 6×8, 9×12, 12×16 என்று கேட்டு வாங்குங்கள். இவை மூன்றும் நாலுக்கு மூன்றுதான், ஒன்றும் வெட்டுப்படாது.

நிறம் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எனக்கு இதில்தான் அதிக ஆதங்கம்.

லேப் மிஷினில் ஒவ்வொரு படமும் பிரிண்டாகும் முன் திரையில் வந்து நிற்கும். நாலு திருத்தம் செய்யலாம். மஞ்சள், மெஜந்தா, சயான் என்று மூன்று நிறம், நாலாவது டென்சிட்டி. டென்சிட்டியைக் குறைத்தால் படம் வெளுக்கும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்குச் சொல்லிக் கொடுத்ததே, கறுத்த முகம் வந்தால் கேட்காமலே டென்சிட்டியைக் குறை என்பதுதான். “கொஞ்சம் கலராப் போட்டுக் குடுங்கம்மா” என்று வாடிக்கையாளர்களும் சொல்வார்கள். கல்யாண ஆல்பங்களில் மணப்பெண்ணின் முகம் ஒரு நிறம், மருதாணி வைத்த கை இன்னொரு நிறம். எத்தனை ஆல்பங்களில் அதைப் பார்த்திருக்கிறேன்!

இந்தப் பழக்கம் சேலத்தில் பிறந்ததில்லை. கோடக் நிறுவனம் பல பத்தாண்டுகளாக லேப்களுக்கு அனுப்பிய நிறம் சரிபார்க்கும் அட்டையில் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படம் இருக்கும். ‘ஷெர்லி கார்டு’ என்று பெயர். அவள் தோல் சரியாக வந்தால் மிஷின் சரி. கறுத்த தோலில் இருக்கிற நுணுக்கம் பிலிமில் பதிகிறதா என்று யாரும் சோதிக்கவில்லை. கனடாவைச் சேர்ந்த ஆய்வாளர் லோர்னா ராத் இதைப் பற்றி 2009-இல் எழுதிய கட்டுரையில் ஒரு செய்தி உண்டு. கோடக் தன் பிலிமில் கறுப்பு, பழுப்பு நிறங்களைத் திருத்த முனைந்ததற்கு ஒரு காரணம், சாக்லேட் செய்கிறவர்களும் மரச்சாமான் விற்கிறவர்களும் தங்கள் சரக்கின் நிறம் விளம்பரத்தில் சரியாக வரவில்லை என்று கொடுத்த புகார். பல நிறத்துப் பெண்கள் சேர்ந்து நிற்கும் அட்டை வந்தது 1990-களில்தான். அதற்குள் உலகம் முழுக்க நம்மைப் போன்றவர்களின் குடும்பப் படங்கள் எத்தனை கோடி தவறான நிறத்தில் அச்சாகிச் சுவரில் ஏறியிருக்கும்!

இன்றைக்குப் பிலிம் இல்லை. அந்த வேலையைப் போனில் இருக்கும் ‘பியூட்டி’ செய்கிறது. எடுக்கும் முன் அதை அணைத்துவிடுங்கள். வெளிச்சத்துக்கு எங்கள் மலையில் பஞ்சமே இல்லை. மூடுபனி இறங்கிய காலையில் ஆளைத் திண்ணையில், வெளிப்பக்கம் பார்க்க உட்காரவையுங்கள். எந்த ஸ்டூடியோ விளக்கும் கொடுக்காத மெத்தென்ற வெளிச்சம் அது. பனியின் வெள்ளையை முதுகுக்குப் பின்னால் வைத்து எடுத்தால் மட்டும் முகம் இருண்டுவிடும். திரையில் முகத்தின் மேல் விரலை வைத்துத் தொட்டால் போன் முகத்துக்கு ஏற்ற வெளிச்சத்தை எடுத்துக்கொள்ளும். போன் திரை உள்ளிருந்து ஒளிர்வது, பேப்பர் அப்படி ஒளிராது. திரையில் சரியாகத் தெரிகிற படம் பேப்பரில் ஒரு பங்கு மங்கித்தான் வரும். அந்த ஒரு பங்கை ஏற்றச் சொல்லுங்கள், அதற்கு மேல் விடாதீர்கள்.

என் பெரியம்மாவின் படத்தை இப்படித்தான் எடுத்தேன். மிளகு பறித்து முடிந்த சமயம். திண்ணையில் காலை நீட்டி உட்கார்ந்து, முறத்தில் மிளகுக் கொத்தைக் கசக்கி உதிர்த்துக்கொண்டிருந்தார். விரல் நுனிகள் கறுத்திருக்கும். காதில் தோடு இல்லாமல் ஈர்க்குச்சி செருகியிருந்தது. பிரிண்டுக்குக் கொடுத்த இடத்தில் பழக்க தோஷத்தில் முகத்தை வெளுத்துவிட்டார்கள். பக்கத்தில் நின்று டென்சிட்டியைத் திரும்பக் கூட்டச் சொன்னேன். “அக்கா, இருட்டா இருக்கும்க்கா” என்றார் அந்தத் தம்பி. போட்டுப் பார்க்கலாம் என்றேன். பேப்பர் வெளியே வந்ததும் அவரே வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பெரியம்மாவின் கன்ன எலும்பு, நெற்றிச் சுருக்கம், மூக்கின் மேல் பட்ட பனி வெளிச்சம் எல்லாம் அதில் இருந்தன. வெளுத்த பிரிண்டில் அந்த இடமெல்லாம் வழித்துவிட்டாற்போல் இருந்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, முதல் பிரிண்டுக்குக் காசு வேண்டாம் என்றுவிட்டார்.

பெரியம்மா முதலில் மாட்டவே சம்மதிக்கவில்லை. “நான் போனப்பறம் மாட்டிக்க கண்ணு” என்றார். பிடிவாதமாக மாட்டினேன். இப்போது வீட்டுக்கு யார் வந்தாலும் படத்தைக் காட்டுவது அவர்தான். அவர் முகத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேச மாட்டார். “அந்த மொறத்தைப் பாத்தியா, எங்கம்மா சாணி மெழுகினது. ஓரத்துல பிரம்பு போனதை நான்தான் கட்டினேன்” என்று தொடங்குவார். அங்கிருந்து பேச்சு அவர் அம்மாவுக்கும், அந்தக் காலத்துச் சாமைக் காட்டுக்கும், பஞ்சத்தில் கிழங்கு தோண்டியதற்கும் போகும். என் அக்கா மகள் அதையெல்லாம் கேட்டது அந்தப் படத்தின் முன்னால் நின்றுதான். போனில் அதே படம் அவளிடம் முன்பே இருந்தது, அப்போது ஒரு கேள்வியும் பிறக்கவில்லை.

பிரிண்ட் போட்டதோடு வேலை முடியாது. எங்கள் ஈரத்தில் படத்தைக் காப்பாற்றுவது தனி வேலை. ஆடி முதல் கார்த்திகை வரை துணியே காயாத ஊர் இது. லேபில் கெமிக்கலில் கழுவி வருகிற போட்டோ பேப்பரின் மேல்பூச்சு ஜெலட்டின். அது காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சி இளகும். கண்ணாடியோடு ஒட்டினாற்போல் பிரேம் போட்டால், இளகிய பூச்சு கண்ணாடியில் பிடித்துக்கொள்ளும். அப்படி ஒட்டிப்போன படத்தைப் பிய்த்தால் முகத்தோடு வரும். உங்கள் வீட்டில் அப்படிப் பழைய படம் ஏதாவது இருந்தால் தயவுசெய்து பிய்க்காதீர்கள். கண்ணாடி மேலாகவே, விளக்கு பிரதிபலிக்காத இடத்தில் வைத்து, போனில் நேராக ஒரு படம் எடுத்துவிடுங்கள். மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

புதிதாகப் போடும்போது பிரேம் கடையில் ‘மவுண்ட் வைத்துப் போடுங்கள்’ என்று சொல்ல வேண்டும். படத்தைச் சுற்றி ஜன்னல் மாதிரி வெட்டிய அட்டை அது. அழகுக்கு என்று நினைப்பார்கள், அதைவிட முக்கியம் அது படத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவே ஒரு இடைவெளி தருவது. அமிலம் இல்லாத அட்டையாகக் கேளுங்கள். சாதா அட்டை நாளாவட்டத்தில் மஞ்சளாகி, படத்தின் ஓரத்தையும் மஞ்சளாக்கும். பின்பக்கத்தைப் பேப்பர் டேப்பால் சுற்றிலும் அடைக்கச் சொல்லுங்கள். ராமபாணப் பூச்சிக்குக் கால் அங்குல இடுக்கு போதும், உள்ளே நுழைந்து பூச்சைத் தின்றுவிடும். காற்றில் ஈரம் 65, 70 விழுக்காட்டைத் தாண்டினால் பூஞ்சை பிடிக்கும். அதற்கு ஒரு எளிய வழி உண்டு. தேய்ந்த ரப்பர் செருப்பில் கட்டைவிரல் அகலத்துக்கு இரண்டு துண்டு வெட்டி, பிரேமின் பின்பக்கம் கீழ் மூலை இரண்டிலும் ஒட்டுங்கள். பிரேம் சுவரோடு படியாமல் காற்றோட்டம் இருக்கும், சுவரின் ஈரம் ஏறாது.

இப்போது கண்ணாடி இல்லாமல், எம்டிஎப் பலகையில் படத்தை ஒட்டி மேலே லேமினேஷன் செய்து தருகிறார்கள். விலை குறைவு, பஸ்ஸில் கொண்டுவரும்போது உடையாது. மலைக்கு அது ஒத்துவராது என்பது என் எண்ணம். மழைக்காலத்தில் பலகையின் ஓரம் ஈரம் குடித்து உப்பும், லேமினேஷன் மூலையில் பெயரும். கண்ணாடிதான் வேண்டாம் என்றால் சன்போர்டில் ஒட்டச் சொல்லுங்கள், அது பிளாஸ்டிக், தண்ணீர் குடிக்காது.

பிரேம் சட்டத்துக்குக் கடையில் இருக்கும் தங்க முலாம் பூசின மாதிரியான சிந்தடிக் பட்டை தவறில்லை. ஆனால் காப்பித் தோட்டத்தில் நிழலுக்கும் மிளகுக்கொடி ஏற்றவும் நாம் நட்டு வைத்திருக்கும் சில்வர் ஓக் மரத்தை அறுத்துப் பார்த்திருக்கிறீர்களா? வாட்டம் பார்த்து அறுத்தால் பலகை முழுக்க மீன் செதில் போல மினுமினுப்பு ஓடும். நன்றாகக் காய்ந்த ஒரு துண்டுப் பலகை இருந்தால் உள்ளூர் ஆசாரி சட்டம் செய்து கொடுத்துவிடுவார். என் பெரியம்மா படத்துக்கு அதுதான் சட்டம்.

மாட்டுகிற சுவரைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். மழைச் சாரல் அடிக்கும் வெளிச்சுவர் வேண்டாம், விறகடுப்புக்கு நேரான சுவர் வேண்டாம், காலை வெயில் நேராக விழும் இடமும் வேண்டாம். வீட்டின் நடுச்சுவர் நல்லது. உத்தரத்தோடு ஒட்டி உயரத்தில் மாட்டுகிற பழக்கத்தை விடுங்கள். படத்தின் நடு, தரையிலிருந்து ஐந்தடிக்கு மேல் போக வேண்டாம். தரையில் உட்கார்ந்து புழங்குகிறவர்கள் இருக்கும் வீட்டில் இன்னும் தாழ்வாகவே இருக்கட்டும். படத்தில் இருப்பவரே அதைக் கழுத்து வலிக்காமல் பார்க்க வேண்டும்.

செலவைச் சொல்லிப் பயப்படுகிறவர்களுக்கு: ஒரு 4×6 பிரிண்ட் இன்றைக்கும் டீயும் வடையும் சாப்பிடுகிற காசுதான். கண்ணாடி போட்ட பிரேமுக்குத்தான் செலவு. ஒரு மாத ரீசார்ஜோடு ஒப்பிட்டால் அதுவும் பெரிதில்லை. கல்யாணத்துக்கு ஆளுயர பிளெக்ஸ் அடிக்கிறோம், மூன்றாம் நாள் அது கோழிக்கூண்டுக்கு மறைப்பாகிறது. அந்தக் காசில் பாதி போதும்.

கடைசியாக அரசிடம் ஒரு கோரிக்கை. எங்கள் பெண்களை அதிகம் படம் எடுப்பது இன்று அரசுதான். நூறு நாள் வேலையில் வருகைப் பதிவுக்காகப் பணியிடத்தில் ஒரு நாளைக்கு இரண்டு முறை செயலியில் படம் எடுப்பது 2023 ஜனவரியிலிருந்து கட்டாயமானது. மண்வெட்டியோடு, கூடையோடு, பக்கத்தில் தோழிகளோடு நின்ற படங்கள் அவை. எல்லாம் எங்கோ ஒரு சர்வரில் இருக்கின்றன. பிரதமரின் ஊரக வீட்டுத் திட்டத்தில் அடித்தளம், லிண்டல், கூரை என்று ஒவ்வொரு கட்டத்துக்கும் இருப்பிடக் குறியீட்டோடு படம் எடுத்து ஏற்றினால்தான் அடுத்த தவணை வரும். அரைகுறையாய் எழும்பிய சுவருக்கு முன்னால் கணவனும் மனைவியும் பிள்ளைகளும் நிற்பார்கள். வாழ்நாளில் கட்டுகிற ஒரே வீட்டின் படம் அது. அதிகாரியின் போனில் ஏறி, கோப்பில் சேர்ந்து, அந்தக் குடும்பத்தின் கண்ணில் படாமலே போய்விடுகிறது.

வட்டார வளர்ச்சி அலுவலகத்தில் பிரிண்டர் இருக்கிறது, சேலத்தில் லேப்கள் இருக்கின்றன. கட்டி முடித்த வீட்டின் கடைசித் தவணையோடு, அந்தக் குடும்பம் வாசலில் நிற்கிற படத்தை 6×8 அளவில் ஒன்று பிரிண்ட் போட்டுக் கொடுங்கள், முகத்தை வெளுக்காமல். ஆணியை நாங்களே அடித்துக்கொள்கிறோம்.